கல்லோயாப் புல்வெளிகள்

கல்முனைக் கரையில் வாழ்வோருக்குக் காடென்றால் மரம் அடர்ந்திருக்க வேண்டும். புல் நிறைந்த நிலமென்றால் அது மாடு மேயும் தரை. இவ்விரண்டிலும் அடங்காத நிலமொன்று மேற்கே இருக்கின்றது. காரைதீவு, சம்மாந்துறை, அம்பாறை வழியாக இங்கினியாகலைக்குச் செல்லும் பாதை அதன் வாயிலுக்கே கொண்டு சேர்க்கும். பெருநாள் விடுமுறையில் வேன் பிடித்து அங்கே செல்லும் குடும்பங்கள் அணைக்கட்டில் நின்று சேனநாயக்க சமுத்திரத்தைக் கண்டு, கட்டிச் சென்ற சோற்றை உண்டு திரும்பிவிடுகின்றன. கிணற்றைப் பார்த்து ஊற்றைப் பாராது வருவதற்கு இது ஒப்பாகும்.

தமிழ் மக்கள் பட்டிப்பளை ஆறு என வழங்கிய கல்லோயாவை மறித்து எழுந்ததே இந்நீர்த்தேக்கம். 1949 இல் அமைக்கப்பட்ட கல்லோயா அபிவிருத்திச் சபையின் திட்டம் அது. கொள்ளளவில் இலங்கையிலேயே பெரியது. அதற்கு நீர் வந்து சேரும் மேட்டு நிலத்தைக் காக்கும் பொருட்டு, 1954 இல் ஏறத்தாழ 25,900 ஹெக்டேர் பரப்புத் தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. ஆகவே விலங்குகளுக்கென்று மாத்திரம் ஒதுக்கப்பட்ட இடமன்று அது. சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வட்டைகளில் பாயும் வாய்க்கால் நீருக்கும் அப்புல்வெளிக்கும் உறவுண்டு.

சிங்களத்தில் தலாவை எனப்படும் இப்புல்வெளிகளில் மானாப்புல்லும் இலுக்குப்புல்லும் ஆளை மறைக்கும் உயரத்துக்கு வளர்கின்றன. இடையிடையே, ஒன்றுக்கொன்று எட்ட நிற்கும் மரங்கள். அவற்றுள் கடுக்காய், தான்றி, நெல்லி ஆகிய மூன்றும் பெயர்பெற்றவை. திரிபலா என்று பரியாரிமார் தரும் சூரணத்தை அறிந்தவர் பலர். அம்மூன்றையும் காய்க்கும் மரங்களாக ஒரே வெளியில் கண்டவர் சிலரே. மான் கூட்டங்களும் யானைகளும் இங்கே மேய்கின்றன. நில்கலைப் பக்கத்துப் புல்வெளியில் வர்ணக் கௌதாரியின் குரலைக் கேட்பதற்கென்றே தொலைவிலிருந்து வருவோரும் உளர்.

இந்நிலத்தின் பெருந்தொல்லை நெருப்பு. கோடையில் காய்ந்த புல்லுக்கு வேட்டைக்காரர் தீ வைப்பதுண்டு. எரிந்த இடத்தில் துளிர்க்கும் இளம்புல்லைத் தேடி மான் வரும் என்பது அவர் கணக்கு. தடித்த பட்டையுள்ள முதுமரங்கள் தப்பிப் பிழைக்கின்றன, கன்றுகள் கருகுகின்றன. தீயே படாத தலாவை காலப்போக்கில் காடாகிவிடும் என்பதும் உண்மைதான். ஆயினும் ஆண்டுதோறும் எரிந்தால் சரிவில் மண்ணைப் பற்றி நிற்க ஒன்றும் மிஞ்சாது. அப்போது ஐப்பசி, கார்த்திகை மாரி அம்மண்ணை வாரிக்கொண்டு வந்து குளத்தின் அடியிற் சேர்க்கும். குளம் தூர்ந்தால் முதலில் தவிப்பது கடைமடை வயல். வீசியெறிந்த ஒரு சிகரெட் துண்டும் வேட்டைக்காரனின் தீயும் இவ்விடயத்தில் ஒன்றே.

செல்ல விரும்புவோர் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தாரிடம் அனுமதிச்சீட்டுப் பெற்று, இங்கினியாகலையிலிருந்து படகில் போகலாம். மார்ச் முதல் ஜூலை வரையிலான மாதங்கள் உகந்தவை. விடியற்காலையே நல்ல நேரம். நீர் வற்றிய கரையில் முளைக்கும் புல்லை நாடி யானைகள் இறங்கி வரும். சில வேளைகளில் அவை ஒரு தீவிலிருந்து மற்றொன்றுக்கு நீந்திப் போகும். துதிக்கை நுனியும் தலையின் மேற்பகுதியும் மட்டுமே நீருக்கு வெளியே தெரியும். குட்டிகள் தாயின் பக்கத்தை விட்டு அகலமாட்டா.