உங்களுக்குத் தெரியுமா? உடல் சோதனை வேண்டாம் என்றால் விமானம் இல்லை!



● 1999இல் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் காந்தகாருக்குக் கடத்தப்பட்டது. அதன்பின், 2000 முதல் விமான நிலையப் பாதுகாப்பு படிப்படியாக மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையிடம் (சி.ஐ.எஸ்.எஃப்.) வந்தது.

● உடலைத் தடவிச் சோதிக்க ஒருவர் சம்மதிக்காவிட்டால், கையில் டிக்கெட், பாஸ்போர்ட், விசா எல்லாம் இருந்தாலும் விமானம் ஏற முடியாது.

● பெண்களைப் பெண் காவலர்தான், திரை மறைப்புக்குள் சோதிக்க வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால், கருவிக்குப் பதில் கையால் சோதிப்பார்கள்.

● முன்னாள் குடியரசுத் தலைவர்களுக்குச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. ஆனாலும் 2009 ஏப்ரலில் டெல்லி விமான நிலையத்தில் அப்துல் கலாமை கான்டினென்டல் ஏர்லைன்ஸ் ஊழியர்கள் சோதித்தனர். அவர் மறுக்கவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. பிறகு அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

கூச்சமாக இருந்தால் மறைவிடத்தில் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். சோதனையே வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.