கருத்திட்டத்தின் வெற்றி எதில் தங்கியுள்ளது?

மாணவர்களே, பல்தேசியக் கம்பனியொன்றின் கருத்திட்டம் வெற்றிபெற மூலதனமும் தொழில்நுட்பமும் போதுமா? போதாது. அக்கறையுடைய தரப்பினரின் இணக்கமும் வேண்டும். சர்வதேச வங்கிகளின் கருத்திட்டங்களுக்கும் இது பொருந்தும். கிளிநொச்சி உதாரணத்தைக் கவனியுங்கள்.

இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுசெல்லும் கருத்திட்டத்துக்கு 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கி கடனுதவியை அங்கீகரித்தது. யாழ்ப்பாணத்தின் தேவை உண்மையானது, நிதியும் கிடைத்தது. ஆனால் அக்குளத்தை நம்பி நெல் விளைவிக்கும் விவசாயிகள், பாசன நீர் குறையுமென எதிர்த்தனர். இறுதியில் திட்டம் மாற்றப்பட்டது. தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 14 ஆண்டுகளின் பின், 2024இலேயே திறக்கப்பட்டது.

எனவே விடையெழுதும்போது நிதி, தொழில்நுட்பம், முகாமைத்துவம் என்பவற்றோடு நிறுத்தாதீர்கள். பாதிக்கப்படக்கூடியோருடன் ஆரம்பத்திலேயே கலந்தாலோசித்தல் என்பதையும் உதாரணத்துடன் எழுதுங்கள்.