கணக்கு வழக்கு – 14: ஏழெட்டும் எட்டேழும்

சின்ன வயதில் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது என்னை மாட்டிவிட்டது ஏழெட்டுதான். ஏழாம் வாய்ப்பாட்டில் ‘எட்டேழு ஐம்பத்தாறு’ தாளத்தோடு வந்து விழும். எட்டாம் வாய்ப்பாட்டில் ஏழெட்டு வந்ததும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இரண்டும் ஒன்றுதான் என்று யாரும் சொல்லித் தரவில்லை. எனக்கும் தானாக உறைக்கவில்லை.

கடையில் அடுக்கியிருக்கும் முட்டை அட்டையைப் பாருங்கள். ஐந்து வரிசை, வரிசைக்கு ஆறு. அட்டையைக் கால்வட்டம் திருப்பினால் ஆறு வரிசை, வரிசைக்கு ஐந்து. முட்டை என்னவோ முப்பதுதான். பாடப்புத்தகம் இதைப் பரிமாற்றுப் பண்பு என்கிறது. இது புரிந்துவிட்டால், ஒன்று முதல் பத்து வரையிலான வாய்ப்பாட்டின் 100 வரிகள் 55 ஆகக் குறையும். ஒன்றால் பெருக்கினால் எண் மாறாது, பத்தால் பெருக்கினால் பின்னால் ஒரு பூஜ்யம். அவற்றையும் கழித்தால் மிச்சம் 36. அந்த 36-க்காகவா அத்தனை குட்டு வாங்கினேன்!

ஒன்று சொல்ல வேண்டும். விடைதான் மாறாது, விஷயம் மாறும். தினம் மூன்று மாத்திரை வீதம் நான்கு நாள், தினம் நான்கு வீதம் மூன்று நாள். மருந்துக் கடைக்காரருக்கு இரண்டும் பன்னிரண்டு மாத்திரைதான். வயிற்றுக்கு அப்படியில்லை.

சேர்ப்புப் பண்பை ஒரே வரியில் முடித்துவிடலாம்: 7 × 25 × 4 என்றால் கடைசி இரண்டை முதலில் சேர்த்து நூறாக்கிவிடுங்கள், எழுநூறு.

என்னைக் கேட்டால், பெருக்கலில் உண்மையாக உழைக்கிற பண்பு பங்கீட்டுப் பண்புதான். முழம் நாற்பது ரூபாய்க்கு விற்கும் பூக்காரம்மாவிடம் பதினேழு முழம் கேட்டுப் பாருங்கள். “பத்து முழம் நானூறு, ஏழு முழம் இருநூத்தி எண்பது, அறுநூத்தி எண்பது குடுங்க” என்பார். பதினேழைப் பத்தும் ஏழுமாகப் பிரித்து, தனித்தனியே பெருக்கிக் கூட்டிவிட்டார். 47 × 36 என்று பள்ளியில் போட்டதும் இதே வேலைதான். ஆறால் பெருக்கி 282. மூன்றால் பெருக்கி 141, அதை ‘ஒரு இடம் தள்ளிப் போடு’ என்பார்கள். ஏன் தள்ள வேண்டும்? அது மூன்று இல்லை, முப்பது. ஆக 282-உம் 1410-உம் சேர்ந்து 1692.

இதில் நான்கு சின்னப் பெருக்கல்கள் இருக்கின்றன: 4 × 3, 4 × 6, 7 × 3, 7 × 6. நான்கில் ஒன்றைக் குறைக்க முடியுமா? 1960-இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஒரு கருத்தரங்கு நடத்திய மேதை கோல்மகோரவ், இலக்கங்கள் இரட்டிப்பானால் வேலை நான்கு மடங்காவதைத் தவிர்க்க வழியே இருக்காது என்று கருதினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் 23 வயது மாணவர் அனடோலி கரட்சுபாவும் ஒருவர். ஒரே வாரத்தில் வழியோடு வந்துவிட்டார்.

அதே கணக்கில் பார்ப்போம். 4 × 3 = 12. 7 × 6 = 42. அடுத்து 47-இன் இலக்கங்களைக் கூட்டினால் 11, 36-க்கு 9. பெருக்கினால் 99. அதிலிருந்து 12-ஐயும் 42-ஐயும் கழித்தால் 45. இப்போது 12 நூறு, 45 பத்து, 42 ஒன்று: 1200 + 450 + 42 = 1692. மூன்றே பெருக்கல்!

இரண்டு இலக்கத்துக்கு இது வீண் வேலை, பூக்காரம்மா சிரிப்பார். ஆனால் 1024 இலக்க எண்கள் இரண்டைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால், பழைய முறைக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் ஓரிலக்கப் பெருக்கல் வேண்டிய இடத்தில் இதற்குச் சுமார் 59,000 போதும்.

கோல்மகோரவ் அடுத்த கூட்டத்தில் இதைத் தானே விளக்கிவிட்டு, கருத்தரங்கை அத்துடன் முடித்துக்கொண்டார். கட்டுரையையும் அவரே எழுதி, 1962-இல் கரட்சுபா பெயரில், இன்னொருவர் பெயரையும் சேர்த்து வெளியிடச் செய்தார். அச்சுப் பிரதி கைக்கு வந்த பிறகுதான் கரட்சுபாவுக்கே விஷயம் தெரியும்.

(தொடரும்)