கரப்பந்தாட்டப் பயிற்சியிற் பொறுமை

ஹற்றனிலிருந்து நுவரெலியா நோக்கிச் செல்வோர், தேயிலைச் சரிவுகளின் நடுவே, லயன் வீடுகளுக்கு அணித்தாக, இரு கம்பங்களும் அவற்றிடையே கட்டிய வலையுங் கொண்ட சிறு களங்களைத் தோட்டங்கள் பலவற்றிற் காண்பர். துடுப்பாட்டத்துக்கும் உதைபந்தாட்டத்துக்கும் வேண்டிய பரந்த சமதரை மலைநாட்டில் அரிது. கரப்பந்தாட்டத்துக்கோ 18 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமுமுள்ள களமும், அதனைச் சூழச் சிறிதிடமும் போதும். ஒரு பந்தும் ஒரு வலையும் பன்னிருவரை ஆடச்செய்யும். 1895ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹோலியோக் நகரில் வில்லியம் மோர்கன் என்பார் வகுத்த இவ்விளையாட்டு, 1916இல் கொழும்புக் கிறித்தவ வாலிபர் சங்கத்தின் வாயிலாக இலங்கைக்கு வந்தது. 1991இல் நாட்டின் தேசிய விளையாட்டாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது.

இதனைச் சிறுவர்க்குப் பயிற்றும் முறை பற்றியே இங்குக் கூறப் புகுகின்றேன். நம் கல்லூரியை விட்டு நீங்கி மலைநாட்டுப் பாடசாலையொன்றில் ஆசிரியனாய் அமர்ந்த காலத்தில், உரத்த குரலே பயிற்றுவோனின் கருவி என எண்ணியிருந்தேன். ஒரு மாலை, எதிரணி பணித்த பந்தை மும்முறை தவறவிட்ட மாணவனொருவனை அணியினர் முன்னிலையிற் கடிந்தேன். அவன் மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. விசாரித்தபோது, அவன் பயிற்சி முடிந்தபின் மேற்பிரிவிலுள்ள தன் லயனுக்கு இருளில் தனியே ஏறிச் செல்பவன் என்று அறிந்தேன். அத்தனை விருப்பத்தை ஒரு சொல்லால் முறித்துவிட்டேன்.

கடிதல் இவ்விளையாட்டிற் பயன் தராமைக்கு, விளையாட்டின் இயல்பிலேயே காரணம் உண்டு. கரப்பந்தாட்டத்திற் பந்தைப் பிடித்து நிறுத்துதல் குற்றம். தொட்ட கணமே விடுத்தல் வேண்டும். தடுத்தலின்போது நேருந் தொடுகை நீங்கலாக, மூன்று தொடுகைக்குள் பந்தை எதிர்ப்புறம் அனுப்புதல் வேண்டும். முதலாந் தொடுகை சீராயிருந்தாலன்றி, அதன்பின் உயர்த்துதலும் அறைதலும் செவ்வனே நிகழா. பந்தைப் பெறுவோன் அதன் கீழ் விரைந்து சென்று, முழங்கால் மடித்துத் தாழ்ந்து, முன்னங்கைகளை ஒன்றிணைத்து, கால்களின் நிமிர்வினால் இதமாக அதனை எழுப்புதல் வேண்டும். அஞ்சியவனுக்குத் தோள் இறுகும், கால் நிலத்தில் ஒட்டிக்கொள்ளும், கை மட்டும் பந்தை நோக்கி வீசும், பந்து சிதறும். ஆகவே, தவறியவனை வெருட்டுதல் அத்தவறையே மீண்டுஞ் செய்விப்பதாகும்.

ஆதலின் பின்வரும் ஒழுங்கை மேற்கொண்டேன். முதலில் வலையின்றி, இருவர் மூன்று மீற்றர் இடைவெளியில் நிற்க, ஒருவன் மெல்ல எறிய, மற்றவன் பெறுவான். அது கைவந்த பின்னரே இடைவெளியைக் கூட்டுவோம். வலையை ஆடவர்க்குரிய 2.43 மீற்றர் உயரத்திற் கட்டாது, சிறுவரின் உயரத்துக்கேற்பத் தாழ்த்திக் கட்டுவோம். ஒரு வேளைக்கு ஒரு திருத்தமே கூறல் நன்று, அதையும் அருகிற் சென்று, "தம்பி, பந்தை நன்றாகக் கவனித்தாய், அடுத்தமுறை காலை முன்னரே நகர்த்து" எனத் தணிந்த குரலிற் கூறுதல் வேண்டும். லயனையோ பெற்றோர் தொழிலையோ சுட்டும் அடைமொழியால் எப்பிள்ளையையும் அழைத்தல் ஆகாது. பந்து சரிவில் உருண்டு தேயிலைச் செடிகளுள் மறைந்தால், தவறவிட்டவனைத் தண்டனையாக அனுப்பாது, யாவரும் முறைவைத்து எடுத்துவரல் நலம்.

கண்டிப்பின்றி வெற்றி வருமோ எனச் சிலர் வினவுவர். கரப்பந்தாட்டம் முதன்முதலாக இடம்பெற்ற 1964ஆம் ஆண்டுத் தோக்கியோ ஒலிம்பிக்கில், யப்பான் மகளிர் அணி தங்கப்பதக்கம் வென்றது. அதன் பயிற்றுவோரான ஹிரோபுமி டைமற்சுவின் கடுமை உலகறிந்தது. ஆயின், அவர் பயிற்றியோர் வளர்ந்த மகளிர். நம்மிடம் வருவோர் பிள்ளைகள். அதே யப்பானில், முன்னாள் தேசிய அணி வீராங்கனையான நவோமி மசுக்கோ, பயிற்றுவோர் சினத்தல் ஆகாதென்னும் விதியுடன் சிறுவர் போட்டியொன்றை 2015இல் தொடக்கினார். அடியும் வசையும் பட்டு விளையாடியதால் விளையாட்டின் இன்பத்தையே தாம் இழந்ததாக அவர் வெளிப்படையாகக் கூறியுள்ளார்.

நான் கடிந்த மாணவனின் இல்லத்தை நாடிச் சென்று, அவன் தாயார் முன்னிலையில், "நான் பேசியது பிழை" என்றேன். அடுத்த வாரம் அவன் வந்தான். வந்தவனுக்குப் பந்தைப் பெறுதல் கைகூட மேலும் இரு மாதஞ் சென்றது. அவ்விரு மாதமும் பொறுத்திருக்கக் கற்றவன் நானே.

இவ்விழாக் காலத்திற் பழைய மாணவர் பலர் ஆசிரியராயும் பயிற்றுவோராயும் விளங்குதல் கண்டு மகிழ்கின்றோம். அவர்கள் தம்மிடம் வரும் பிள்ளை எவ்வழி நடந்து வந்தது என்பதை முதலிற் கேட்டறிந்து, பின்னர்ப் பந்தைக் கையிற் கொடுப்பாராக.