பாரிஸ்ல ஷாப்பிங் பண்ணப் போறீங்களா? பெட்டியை செக்-இன் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

மங்கலம்பேட்டையில் இருந்து ஒருத்தர் பாரிஸ் கிளம்புறார்னு தெரிஞ்சா போதும், வாட்ஸ்அப்பில் லிஸ்ட் வந்துடும். அக்காவுக்கு சென்ட், மச்சானுக்கு வாட்ச், பிள்ளைகளுக்கு சாக்லேட். புதுச்சேரி பக்கத்திலேயே இருப்பதால், பிரான்ஸில் சொந்தக்காரங்க உள்ள குடும்பங்களும் இந்தப் பக்கம் உண்டு. அங்கே பொருள் வாங்குவது பெரிய விஷயமில்லை. கட்டிய வரியைத் திரும்ப வாங்குவதில்தான் பலர் கோட்டை விடுறாங்க.

வரி எப்படித் திரும்பக் கிடைக்கும்?

பிரான்ஸில் துணி, வாட்ச், சென்ட் போன்றவற்றின் விலையிலேயே 20% மதிப்புக் கூட்டு வரி சேர்ந்திருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிக்கும், 16 வயதுக்கு மேற்பட்ட சுற்றுலாப் பயணிக்கு அதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். இதற்கு அங்கே 'தேதாக்ஸ்' என்று பெயர். ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கியிருக்கணும். மூணு கடையில் 40, 40-ஆக வாங்கினால் கணக்கில் வராது.

பணம் கட்டும்போதே 'தேதாக்ஸ்' என்று சொல்லி, பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் வாங்கணும். அங்கேயே குடியிருக்கும் சித்தப்பா பெயரில் படிவம் போட்டால் பயனில்லை.

20% வரி என்பதால் 200 யூரோவுக்கு 40 யூரோ வரும்னு நினைக்க வேண்டாம். அந்த 200-க்குள் இருக்கும் வரியே 33 யூரோ சொச்சம்தான். இடைத்தரகு நிறுவனத்தின் கட்டணம் போக, பெரிய கடைகளில் சுமார் 12%, அதாவது 24 யூரோ கைக்கு வரும்.

ஏர்போர்ட்டில்தான் சிக்கல்

சென்ட், ஷாம்பு எல்லாம் 100 மில்லியைத் தாண்டினால் கைப்பையில் விட மாட்டாங்க. அதனால் பெட்டியில் வைத்து முதலில் செக்-இன் போட்டுடுறோம். தப்பு அங்கேதான். சுங்க அதிகாரி பொருளைக் காட்டச் சொன்னால், பெட்டி பெல்ட்டில் போயிருக்கும்!

அதனால் பெட்டி கையில் இருக்கும்போதே 'பாப்லோ' என்ற இயந்திரத்தைத் தேடுங்க. படிவத்தின் பார்கோடை ஸ்கேன் பண்ணணும். பச்சைத் திரை வந்தால் முடிந்தது. சிவப்பு வந்தால் பக்கத்து சுங்க கவுன்ட்டருக்குப் போகணும். துபாய், தோஹா வழியாகச் சென்னை வருபவர்கள் இதை பாரிஸிலேயே முடிக்கணும். வரிசை நீளும், நேரத்தோடு போங்க.

லண்டனையும் சேர்த்துச் சுற்றுபவர்கள் கவனிக்க: 2021-லிருந்து அங்கே கடையில் வாங்கி எடுத்துவரும் பொருளுக்கு இந்தச் சலுகை கிடையாது. பெரிய செலவை பாரிஸில் வைத்துக்கொள்ளலாம்.

கார்டு தேய்க்கும்போது

மெஷின் "ரூபாயா, யூரோவா?" என்று கேட்டால் யூரோவைத் தொடுங்க. ரூபாயில் கணக்கு தெரிஞ்சா நிம்மதிதான். ஆனால் மாற்று விகிதத்தில் கூடுதலாக உருவிடுவாங்க. யுபிஐ-யும் கொஞ்சம் உண்டு. 2024-ல் ஈஃபில் கோபுர டிக்கெட்டுக்கும், பிறகு கேலரி லஃபாயெத் கடையிலும் வந்தது. அதை நம்பி மட்டும் போக வேண்டாம்.

தள்ளுபடி சீசன் வருஷத்துக்கு இரண்டு: ஜனவரியிலும் ஜூன் கடைசியிலும் தொடங்கி நாலு வாரம். ஞாயிறு பல கடைகள் மூடியிருக்கும். சாக்லேட்டை சுற்றுலா இடங்களில் வாங்காமல் மோனோப்ரி, காரெஃபூர் சூப்பர் மார்க்கெட்டில் வாங்குங்க. பைக்குத் தனிக் காசு. நம்ம மஞ்சப்பை ஒன்றை மடித்து எடுத்துப்போனால் மிச்சம். உள்ளே நுழைந்ததும் 'போன்ஜூர்' சொல்லுங்க, சொல்லாமல் விலை கேட்டால் முகம் சுளிப்பாங்க.

கறிவேப்பிலை, மசாலா வேணும்னா லா ஷப்பல் போங்க. கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கம்தான். ஈழத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும், தமிழிலேயே பேசி வாங்கலாம்.

ஈஃபில் கோபுரத்தடியில் துணி விரித்து விற்கும் 'பிராண்டட்' பையைத் தொடாதீங்க. போலிப் பொருள் பிடிபட்டால் பறிமுதல், வாங்கியவருக்கே அபராதமும் உண்டு. அசல் பொருளின் பில்களைப் பத்திரமா வைங்க. சென்னைச் சுங்கத்தில் வரியில்லா வரம்பைத் தாண்டினால் அதைத்தான் கேட்பாங்க.