கடதாசிப் பை அணிந்த இளவரசி

ஆரம்ப வகுப்புகளிலே படிப்பித்தவர்களுக்குக் கதை நேரத்தைப் போல இனிய நேரம் வேறில்லை. பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "ஒரு ஊரிலே ஒரு ராசா" என்று தொடங்கியதுந்தான் தாமதம். அதுவரை பென்சிலைக் கடித்துக்கொண்டும் அடுத்தவனைச் சீண்டிக்கொண்டும் இருந்த முப்பது பிள்ளைகளும் அப்படியே அடங்கிவிடுவார்கள். அந்த அமைதியை நம்பி எத்தனையோ கதைகளை நான் சொல்லியிருக்கிறேன். அவற்றுள் ஒன்றை மாத்திரம் இன்று நினைத்தாலும் மனம் கூசுகின்றது.

ஆசிரியத் தொழிலுக்கு நான் புதியவளாக இருந்த காலம் அது. ஆங்கில தின விழாவுக்காக நாலாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு 'ஸ்நோ வைற்' கதையை நாடகமாக்கினேன். சிவந்த மேனியும் நீண்ட கூந்தலும் உடைய பிள்ளை இளவரசியானாள். இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் மெலிந்து, விந்தி விந்தி நடக்கும் சிறுமி ஒருத்தியும் அவ்வகுப்பில் இருந்தாள். சூனியக்காரக் கிழவியின் வேடத்தை அவளுக்குக் கொடுத்தேன். நடை பொருத்தமாக அமையும் என்பது என் எண்ணம்! அவளும் நன்றாகவே நடித்தாள், சபையோர் கைதட்டினர். வேடத்தைக் கலைக்கும்போது அவள் மெல்லக் கேட்டாள்: "ரீச்சர், இளவரசிக்குக் கால் ஏலாமல் இருந்தால் கதை பிழைச்சுப் போகுமோ?"

"நேரமாயிற்று, வீட்டுக்குப் போ பிள்ளை" என்று அனுப்பிவிட்டேன். வேறு விடை என்னிடம் இருக்கவில்லை.

அத்தகைய கேள்விகளுக்கு விடையாக இப்போது மேலைநாடுகளிலே புதுவகைத் தேவதைக் கதைகள் வண்ணப் படப்புத்தகங்களாக வெளிவருகின்றன. அவற்றுள் மிகப் பெயர்பெற்ற ஒன்று, சென்ற விடுமுறையில் ரொறன்ரோவிலிருந்து வந்த என் பேரனின் பெட்டிக்குள் இருந்து என் கைக்குக் கிடைத்தது. 'கடதாசிப் பை இளவரசி' என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். றொபேட் மன்ஷ் எழுத, மைக்கல் மார்ச்செங்கோ படம் வரைய, 1980-ஆம் ஆண்டில் ரொறன்ரோவிலுள்ள அனிக் பதிப்பகத்தார் வெளியிட்டது.

அக்கதை பிறந்த விதமே சுவையானது. 1970-களின் தொடக்கத்தில் மன்ஷ் அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தில் ஒரு சிறுவர் பராமரிப்பு நிலையத்திலே வேலை பார்த்தார். பிள்ளைகளுக்குப் பறவைநாகக் கதைகள் பல சொல்வார். எல்லாக் கதையிலும் இளவரசன் வந்து இளவரசியை மீட்பான். அங்கேயே வேலை செய்த அவருடைய மனைவியார் ஒருநாள், "எப்பொழுதும் அவன்தானா மீட்க வேண்டும்? அவள் அவனை மீட்டால் என்ன?" என்ற கருத்துப்படக் கேட்டுவிட்டார். கதை அன்றே தலைகீழாயிற்று.

எலிசபெத் என்னும் இளவரசி விலையுயர்ந்த ஆடைகளுடன் மாளிகையில் வாழ்கிறாள். றொனால்ட் என்னும் இளவரசனை மணக்க இருக்கிறாள். அனல் கக்கும் பறவைநாகம் ஒன்று வந்து மாளிகையை நொறுக்கி, அவள் ஆடைகளை எல்லாம் எரித்து, றொனால்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. எரியாமல் எஞ்சியது ஒரு கடதாசிப் பை மாத்திரம். அதை அணிந்துகொண்டு அவள் புறப்படுகிறாள். வாளும் இல்லை, வேலும் இல்லை. நாகத்தின் தற்பெருமையே அவளுக்கு ஆயுதம். அதனைப் புகழ்ந்து புகழ்ந்து காடுகளை எரிக்கச் செய்கிறாள்; உலகத்தைச் சுற்றிப் பறக்கச் செய்கிறாள். ஓர் இறைச்சி உருண்டையைப் பொரிக்கவும் நெருப்பின்றி, களைத்து விழுந்து அது உறங்கிப் போகிறது. கதவைத் திறந்தால், உள்ளே இருந்த றொனால்ட் அவளை ஏற இறங்கப் பார்க்கிறான். சாம்பல் மணமும் சிக்குப் பிடித்த தலையும் அழுக்குப் பையும் அவனுக்குப் பிடிக்கவில்லை. மெய்யான இளவரசியைப் போல் உடுத்துக்கொண்டு வா என்கிறான். உன் உடை அழகுதான், நீ தான் உதவாதவன் என்று சொல்லிவிட்டு அவள் தன் வழியே துள்ளிக்கொண்டு போகிறாள். திருமணம் நடக்கவில்லை.

இதை வாசித்து முடித்துவிட்டு, பேரன் கைகொட்டிச் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். ஆறு வயதுப் பையன் சற்று யோசித்துவிட்டு, "குளிச்சிட்டு வந்திருக்கலாம்தானே, அம்மம்மா?" என்றான்.

எனக்குச் சப்பென்றாகிவிட்டது. ஆயினும் இந்த ஏமாற்றம் எனக்கு மட்டும் உரியதன்று. அவுஸ்திரேலியப் பேராசிரியை புறொன்வின் டேவிஸ், பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கு இக்கதையையும் இத்தகைய வேறு கதைகளையும் வாசித்துக் காட்டி, அவர்கள் சொன்னவற்றை ஆராய்ந்து 1989-ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதினார். எழுத்தாளர் கருதிய பொருளைப் பல பிள்ளைகள் கண்டுகொள்ளவே இல்லை. எலிசபெத் தன்னைச் சுத்தம் செய்துகொண்டு றொனால்டை மணந்திருக்க வேண்டும் என்றே பலர் கருதினர். காரணம் எளிது. நான்கு வயதுக்குள்ளேயே அவர்கள் நூறு கதைகளைக் கேட்டுவிட்டனர். இளவரசி அழகாக இருப்பாள், முடிவிலே திருமணம் நடக்கும் என்னும் அச்சு மனத்திற் பதிந்துவிட்டது. புதுக்கதையையும் அந்தப் பழைய அச்சிலே வார்த்துக்கொள்கிறார்கள்.

ஆகவே, நல்ல புத்தகத்தை வாங்கி அலுமாரியில் வைத்துவிட்டால் போதும், பிள்ளைகளின் மனம் தானாகவே விரிந்துவிடும் என்று எண்ணும் பாடசாலைகள் வீண்செலவு செய்கின்றன என்றே சொல்வேன். புத்தகம் பாதி, அதைக் கையிலே வைத்திருக்கும் ஆசிரியர் மறுபாதி.

பழைய கதையை விலக்கிவிட்டுப் புதிய கதையை மட்டும் கொடுப்பது முதற் பிழை. சிண்டரெல்லாவை அறியாத பிள்ளைக்கு எலிசபெத் செய்தது எவ்வளவு துணிச்சல் என்று எப்படி விளங்கும்? முதல்நாள் பழையதை வாசித்து, மறுநாள் புதியதை வாசித்து, இரண்டையும் பக்கத்திற் பக்கமாக விரித்து வைக்கலாம். இரண்டாவது, கடைசிப் பக்கத்துக்கு முன் நிறுத்துவது. கதவு திறக்கிறது; உள்ளே அவன் நிற்கிறான்; இனி என்ன நடக்கும்? பிள்ளைகளைச் சொல்ல விடவேண்டும், வரைய விடவேண்டும். அவர்கள் வரைவதில் எலிசபெத் புதுச்சட்டை போட்டிருப்பாள். அதைப் பிழை என்று திருத்தாமல், "இந்தச் சட்டை எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்டாற் போதும். வகுப்பிலே தர்க்கம் மூண்டுவிடும். ஆசிரியர் அப்போது வாயைத் திறவாதிருப்பது நல்லது. எங்களுக்கோ கதை முடிந்ததும், "இதனால் அறியப்படுவது யாதெனில்" என்று தொடங்காவிட்டால் நித்திரை வராது!

படங்களையும் எழுத்தைப் போலவே வாசிக்க வேண்டும். அமெரிக்கக் கறுப்பின ஓவியர் ஜோன் ஸ்ரெப்ரோ 1987-இல் வெளியிட்ட 'முஃபாரோவின் அழகிய புதல்வியர்' என்னும் புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். ஆபிரிக்க நாட்டுக் கதை. கர்வம் பிடித்த ஒரு மகள், அன்புள்ள ஒரு மகள், மணப்பெண் தேடும் அரசன் எனக் கதைப்போக்கு சிண்டரெல்லாவை நினைவூட்டும். ஆனால் அரண்மனைக்குச் சிம்பாப்வேயின் பழம்பெரும் கற்சுவர் இடிபாடுகளைப் பார்த்து வரைந்திருக்கிறார். இளவரசியின் முகம் கருமையில் ஒளிர்கிறது. இந்த இளவரசிக்குப் பொன்னிறக் கூந்தல் இல்லை, எனினும் அழகி அல்லள் என்று எந்தப் பிள்ளையும் சொல்லாது. 1990-ஆம் ஆண்டில் றூடின் சிம்ஸ் பிஷப் என்னும் அமெரிக்கக் கல்வியாளர், நூல்கள் பிள்ளைக்குக் கண்ணாடியாகவும் சாளரமாகவும் இருக்கவேண்டும் என்று எழுதினார். கண்ணாடியிலே தன்னைக் காணலாம். சாளரத்தின் வழியே பிறரைக் காணலாம். சில பிள்ளைகளுக்குக் கண்ணாடியே கிடைப்பதில்லை. சிலருக்கோ சுற்றிவரக் கண்ணாடிதான், சாளரமே இல்லை.

"பண்டைக் கதைகளை மாற்ற இவர்கள் யார்?" என்று கேட்போர் உளர். மாறாத பண்டைக் கதை எங்கே இருக்கிறது? சீனத்திலே ஒன்பதாம் நூற்றாண்டில் எழுதிவைக்கப்பட்ட யே ஷியன் கதையில் பொற்பாதணி. பிரான்சில் பெரோ 1697-இல் எழுதியதிற் கண்ணாடிப் பாதணி. 1812-இல் கிறிம் சகோதரர் வெளியிட்ட முதற் பதிப்பிலே ஸ்நோ வைற்றைக் கொல்ல முயல்பவள் பெற்ற தாயே. 1819-ஆம் ஆண்டுப் பதிப்பில் அவளைச் சிற்றன்னை ஆக்கிவிட்டார்கள். பெற்றவள் மானத்தைக் காப்பாற்றப் போய், உலகத்துச் சிற்றன்னையர் எல்லாருக்கும் வந்த பழியைப் பாருங்கள்!

ஊனமுற்றோர் நிலைதான் இன்னும் பரிதாபம். கூன் முதுகும் விந்தும் நடையும் கெட்டவர்க்கே உரியவை. நல்லவர்க்கு ஊனம் வந்தாலும் கதை முடிவதற்குள் மாயத்தால் மாறிவிடும். கிறிம் தொகுப்பிலே கைகளை இழந்த பெண்ணுக்கு இறுதியிற் கைகள் மீண்டும் முளைக்கின்றன. பெருமூளை வாதத்துடன் பிறந்த கனடிய எழுத்தாளர் அமண்டா லெடுக், 2020-இல் வெளியிட்ட நூலொன்றில் இதை ஆராய்ந்திருக்கிறார். மகிழ்ச்சியான முடிவு என்றால் உடல் சீராகிவிடவேண்டும் என்று கேட்டுக் கேட்டு வளரும் குழந்தை, சீராகாத தன் உடலைப் பற்றி என்ன நினைக்கும்? அந்நூலை வாசித்த இரவு, வேடம் கலைத்த அந்தச் சிறுமியின் முகம் என் கண்முன் நின்றது. தங்கள் வகுப்பிலே எந்தப் பிள்ளை எந்த வேடத்துக்குத் தெரிவாகிறது என்பதைக் கதை சொல்லும் ஆசிரியர்கள் ஒருமுறை எண்ணிப் பார்ப்பார்களாக.

இப்புத்தகங்கள் பெற்றோரிடையே சச்சரவையும் எழுப்பியிருக்கின்றன. 2000-ஆம் ஆண்டில் நெதர்லாந்தில் வெளியான ஒரு படப்புத்தகத்தில் இளவரசன் ஒருவன், தாய் அழைத்துவந்த இளவரசிகளை விட்டு, இன்னோர் இளவரசனை மணக்கிறான். அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலே அதனை 2006-இல் இரண்டாம் வகுப்பில் வாசித்ததற்காகப் பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். 2008-இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் வழக்கை ஏற்கவில்லை. மேரிலாந்து மாநிலத்தில், 'இளவரசனும் வீரனும்' என்ற கதை உட்படச் சில புத்தகங்கள் பற்றி எழுந்த வழக்கிலோ, 2025 யூன் மாதத்தில் உச்ச நீதிமன்றம் பெற்றோர் பக்கம் நின்றது. வழக்கு முடியும்வரை, அவற்றை வாசிக்கு முன் அவர்களுக்கு அறிவித்து, விரும்பாதோரின் பிள்ளைகளை விலக்கிக்கொள்ள இடமளிக்க வேண்டும் என்றது.

எல்லாப் பிள்ளைகளும் எல்லாக் கதைகளையும் கேட்கவேண்டும் என்பதே என் விருப்பம். இரண்டு தாய்மாருடன் வளரும் பிள்ளையும் அந்த வகுப்பிலே இருக்கக்கூடும். தன் வீட்டுக் கதை வாசிக்கப்படும்போது தோழர்கள் எழுந்து வெளியே போவதை அது பார்த்துக்கொண்டிருக்கும். அதேவேளை, தன் பிள்ளை என்ன வாசிக்கிறது என்பதைத் தாய் அறியாதிருப்பதும் முறையன்று. தவணைத் தொடக்கத்திலே பெற்றோரை அழைத்து, புத்தகங்களை மேசையிற் பரப்பிவைத்து, அவர்களையே வாசிக்கச் சொல்லலாம். வாசியாமலே வெறுத்தவர்கள் சிலராவது முகம் மாறுவார்கள். மாறாதவர்களோடும் ஒரு தேநீர் அருந்தலாம்.

பேரனுக்கு நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் இரவு அவனே அப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். திரும்பவும் வாசித்தேன். குகைக் கதவு திறக்கும் பக்கம் வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தி, படத்தை நெடுநேரம் உற்றுப் பார்த்தான்.

"அம்மம்மா, அவ்வளவு தூரம் நடந்து வந்தவளுக்கு அவன் ஏன் தண்ணிகூடக் குடுக்கேல்லை?"