மார்ல்பரோ வீட்டு மகள்களும் மருமகளும்

இங்கிலாந்தில் ஒரு பெண் டச்சஸ் ஆவதென்றால், பெரும்பாலும் ஒரு டியூக்குக்கு வாழ்க்கைப்பட்டாக வேண்டும். மார்ல்பரோ குடும்பத்துக்காக மட்டும் நாடாளுமன்றம் ஒருமுறை இந்த வழக்கத்தை வளைத்தது.

முதல் டச்சஸ் சாரா, ஆன் அரசியின் நெருங்கிய தோழி. அரசி, பணிப்பெண் என்ற பேதம் தெரியக்கூடாதென்று இருவரும் கடிதங்களில் 'மிஸஸ் மார்லி', 'மிஸஸ் ஃப்ரீமன்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டார்கள். 1702-இல் ஆன் அரியணை ஏறினார். அதே ஆண்டு சாராவின் கணவர் ஜான் சர்ச்சில் டியூக் ஆனார். மறு ஆண்டே அவர்களின் மகனை அம்மை கொண்டுபோயிற்று. மிஞ்சியவர்கள் மகள்கள். 1704-இல் பிளென்ஹைமில் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்த தளபதி ஜானின் பட்டம் அவரோடு முடிந்துவிடலாமா? மகள்கள் வழியாகவும் அது தொடரலாம் என்று 1706-இல் தனிச்சட்டமே வந்தது. 1722-இல் ஜான் இறந்ததும் மூத்த மகள் ஹென்ரியேட்டா, கணவர் தயவு இல்லாமல், தன் உரிமையில் டச்சஸ் ஆனார்.

சாராவுக்கு அதில் பெரிய மகிழ்ச்சி ஒன்றும் இல்லை. தாய்க்கும் மகளுக்கும் ஒத்தே போகாது. போதாக்குறைக்கு ஹென்ரியேட்டா, நாடகாசிரியர் காங்கிரீவின் காதலி என்பது ஊரறிந்த செய்தி. காங்கிரீவ் தன் சொத்தில் பெரும்பகுதியை இவருக்கே எழுதிவைத்துவிட்டுப் போனார். 1733-இல் ஹென்ரியேட்டா இறந்தபோது அவருடைய மகன் உயிரோடு இல்லை. பட்டம் தங்கை ஆனின் மகன் சார்ல்ஸ் ஸ்பென்சருக்குப் போனது. அதற்குப் பிறகு வந்த டியூக்குகள் எல்லோரும் இந்தத் தங்கையின் வம்சம்தான்.

பெண் வழியாகப் பிழைத்த அதே வீடு 1895-இல் மருமகளிடம் ஆண் குழந்தை கேட்டது. வந்தவர் அமெரிக்க ரயில்வே கோடீஸ்வரரின் மகள், 18 வயது கான்சுவேலோ வாண்டர்பில்ட். மனத்தில் வேறொருவர் இருந்தும், தாய் ஆல்வாவின் மிரட்டலுக்குப் பணிந்து ஒன்பதாம் டியூக்கை மணந்தார். சீதனம் 25 லட்சம் டாலர் மதிப்புள்ள ரயில்வே பங்குகள். குடும்ப அரண்மனையைப் பராமரிக்கத் திணறிய டியூக்குக்கு அது தேவைப்பட்டது. டியூக்கின் பாட்டி கான்சுவேலோவிடம், சீக்கிரம் ஒரு மகனைப் பெற வேண்டும், இல்லாவிட்டால் பட்டம் வின்ஸ்டனுக்குப் போய்விடும் என்று வெளிப்படையாகவே சொன்னாராம். ஆம், வின்ஸ்டன் சர்ச்சில்தான்! 1897-இல் கான்சுவேலோவுக்கு மகன் பிறந்ததும் அந்தக் கவலை தீர்ந்தது.

தம்பதி 1906-இல் பிரிந்து, 1921-இல் விவாகரத்துப் பெற்றார்கள். 1926-இல் கத்தோலிக்கத் திருச்சபை அந்தத் திருமணமே செல்லாது என்று தீர்ப்பளித்தது. மகளைத் தான்தான் கட்டாயப்படுத்தினேன் என்று அந்த விசாரணையில் சாட்சி சொன்னவர், ஆல்வா.